ஐம்பத்தைந்து டிகிரி

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்த முன்னறையில் இருந்தவர்கள்: அவன் மனைவி, சோபாவின் ஓரத்தில், காலடியில் ஜிப் இழுத்து மூடிய பெட்டியோடு. அவளுடைய அண்ணன், முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். இன்னமும் எதிரே உட்காருகிற எல்லோரையும் டிக்கெட் எடுக்காத ஆளாகவே பார்ப்பவர். அவனுடைய அக்கா, தம்பிக்காகப் பேச வந்து, வந்த பத்தாவது நிமிடத்தில் கட்சி மாறியவள். மேல் மாடிக்காரர், இரவல் கொடுத்த ஏணியைக் கேட்க வந்தவர்; ஏணி வாசலிலேயே சாத்தியிருந்தும் போக மனம் வராதவர். கடைசியாக அவன், நீரேற்று நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாதவன். மேஜை மேல் ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது. எல்லார் கண்ணும் அதன் மேல்தான்.

"உக்காருங்க மாப்பிள்ளை," என்றார் அண்ணன்.

அவன் உட்கார்ந்தான்.

"சுத்தி வளைக்க விரும்பல. பதினாலு மாசமா நீங்க இவகிட்ட ஒதுங்கியே இருக்கீங்க, பதினோரு மாசமா அந்தச் சின்ன ரூம்ல கதவச் சாத்திட்டுப் படுக்கறீங்க. நைட் ஷிப்ட்டுனு சொல்லலாம். லீவு நாள்லயும் அப்படித்தான்கறா. காரணம் கேட்டா முதுகு வலிங்கறீங்க, அடுத்த மாசம் சூடுங்கறீங்க, அதுக்கடுத்து குறட்டைங்கறீங்க. பத்து மணிக்குள்ள ஒரு காரணம் சொல்லுங்க. ஒரே காரணம். இல்லேன்னா இவள நான் கூட்டிட்டுப் போறேன். கீழ வண்டி நிக்குது."

"சொல்லித் தொலையேன்டா," என்றாள் அக்கா. "வாயில என்ன கொழுக்கட்டையா?"

ஒன்றரை மணி நேரம் இருந்தது. நிலையத்தில் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பம்பின் பேரிங்கைக் கழற்றி மாற்றிவிடுவான். ஒரு வாக்கியம் சொல்ல அது போதவில்லை.

அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தார். மூன்று நாளைக்கு முன் அவன் பழைய ஷூ பெட்டியிலிருந்து மனைவி எடுத்தது அது.

"மார்ச் மூணு. பன்னெண்டு. வலி நாலு. ஏப்ரல் ஏழு. பதினெட்டு. வலி அஞ்சு. மே அஞ்சு. இருபத்தஞ்சு. வலி ஆறு." நிமிர்ந்தார். "என்ன இது? யாருக்கு வலி?"

"சுகரா இருக்கும்," என்றாள் அக்கா. "எங்கப்பாவுக்கும் சுகர்."

"சுகர் பன்னெண்டு, பதினெட்டுனு எல்லாம் இருக்காதுங்க," என்றார் மாடிக்காரர். "எனக்கு எம்பதுக்குக் கீழ போனாலே கை ஆடும். பன்னெண்டுன்னா மாலை வாங்கிட்டுத்தான் வந்திருப்போம்."

"ஏணி கெடச்சுதுல்ல சார்?" என்றார் அண்ணன்.

"கெடச்சுது, கெடச்சுது. வாசல்லதான இருக்கு, ஓடியா போகும்."

அண்ணன் பக்கம் புரட்டினார். ஒரு வரியில் விரல் நின்றது. முப்பது வருடத்துப் பழக்கம், செல்லாத டிக்கெட் கையில் கிடைத்ததும் குரல் தானாகத் தணிந்தது.

"ஜூன் ரெண்டு. நாப்பது. வலி ஒம்போது. குறிப்பு: தவறு என்னுடையது."

மனைவி முதல் தடவையாக அவனைப் பார்த்தாள். அந்த வரியை அவள் நூறு தடவையாவது படித்திருப்பாள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"என்ன தவறு மாப்பிள்ளை?" என்றார் அண்ணன்.

*

தவறு இதுதான்.

போன வருடம் பிப்ரவரி நடுவில், குளிக்கும்போது, உறுப்பின் மேல்பக்கத்தில் தோலுக்கு அடியில் ஒரு பருப்பு அளவுக்கு ஏதோ கெட்டியாகக் கையில் பட்டது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து, விறைக்கும்போது வலித்தது. அடுத்த வாரம், நேராக இருந்தது மேல்நோக்கி வளைய ஆரம்பித்திருந்தது. நாற்பத்தேழு வயதில் இப்படி ஒன்று வரும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாது.

வேறு ஒருவனாக இருந்தால் பயந்துபோய் டாக்டரிடம் ஓடியிருப்பான். இவன் நீரேற்று நிலையத்து ஆள். அங்கே ஆறு பம்புகள் ராத்திரி முழுக்க ஓடுகின்றன. ஓடுகிற பம்பைத் திறக்கக் கூடாது. அது முதல் சட்டம். சத்தம் மாறினால், சூடு ஏறினால், அதிர்வு கூடினால், நோட்டில் எழுது. மணிக்கு ஒரு தடவை எழுது. அளவு ஏறட்டும். சுவரில் ஒட்டிய அட்டவணையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. முள் அதைத் தொடும்வரை உன் வேலை எழுதுவது மட்டும். தொட்டால் இன்ஜினியரைக் கூப்பிடு. கோட்டைத் தொடாத பம்புக்காக அவரை எழுப்பினவன் அடுத்த மாதம் முழுக்க அவர் திட்டை வாங்கிக்கொண்டிருப்பான்.

இருபத்திரண்டு வருடமாக அவன் அப்படித்தான் பம்புகளைக் காப்பாற்றி வந்திருக்கிறான். அதனால் தன்னையும் எழுதி வைத்தான்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில், அவள் கடைத்தெருவுக்குப் போயிருக்கும்போது, குளியலறைக்குள் எஃகுக் கோணமானியை எடுத்துக்கொண்டு போவான். பம்பின் ஷாஃப்ட் சாய்வு பார்க்கிற கருவி. ஜில்லென்று இருக்கும். அதை வைத்ததும் பாதி நேரம் அளக்க ஒன்றும் மிஞ்சாது. மறுபடி காத்திருந்து, கண்ணை மூடி, பழைய நாட்களை நினைத்துக்கொண்டு, அந்த நினைப்பு முடிவதற்குள் டிகிரியைப் படித்துவிட வேண்டும். தேதி, அளவு, வலி பத்துக்கு எத்தனை, குறிப்பு. நிலையத்து நோட்டில் இருப்பதுபோலவே ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இரண்டு கட்டம் போட்டிருந்தான்: ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர். ஒப்படைத்தவர் கட்டத்தில் தவறாமல் கையெழுத்துப் போட்டான். அடுத்த கட்டம் காலியாகவே கிடந்தது.

சிவப்புக் கோடு எது? அதையும் அவனே போட்டுக்கொண்டான். அறுபது டிகிரி. எங்கிருந்து அந்த எண் வந்தது என்று கேட்டால் அவனிடம் பதில் கிடையாது. அறுபது என்பது பார்க்க ஒரு எல்லை மாதிரி இருந்தது.

ஜூன் மாதம் பொறுமை போய்விட்டது. அதற்கு முந்தைய வாரம் அவள் அவன் தோளில் கைவைத்தபோது அவன் தீப்பட்டதுபோல விலகியிருந்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் போர்வையை இழுத்துக்கொண்டாள். வளைந்த கம்பியைப் பட்டறையில் எப்படி நேராக்குவோம்? இரண்டு பக்கமும் பிடித்து, நடுவில் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கொடுத்து. ஞாயிற்றுக்கிழமை, குழாயைத் திறந்துவிட்டு, துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு அதைச் செய்தான்.

கம்பிக்கு ரத்தம் கிடையாது. எட்டு நாள் நீலமாகக் கிடந்தது. இருபத்தைந்து இருந்தது நாற்பதாக ஏறியது. அன்றைக்கு எழுதிய குறிப்புதான் அது. அன்று ராத்திரியே தலையணையைச் சின்ன அறைக்குக் கொண்டுபோனான். அதுவரை சாக்குச் சொன்னவன் அதற்குப் பிறகு சாக்குச் சொல்வதையும் குறைத்துக்கொண்டான்.

*

"அவ யாருனு கேளுங்க," என்றாள் மனைவி திடீரென்று. "நாப்பது, அம்பதுனு எழுதறதுக்கு அவ என்ன பண்ணினானு கேளுங்க."

"அப்படியெல்லாம் யாரும் இல்ல," என்றான் அவன்.

"மோதிரம் எங்க?"

அவன் கையைப் பார்த்தான். வலது கை மோதிர விரல் வெறுமையாக இருந்தது.

"எட்டு மாசமா மோதிரம் போடல. கேட்டா, வேலைல மாட்டிக்கும்கறீங்க. இருபது வருஷமா மாட்டிக்காத மோதிரம்." காலால் பெட்டியைத் தள்ளினாள். "நான் கண்ணாடிக் கடையில உக்காந்திருக்கேன். தெனம் முப்பது பேருக்கு ஃப்ரேம் மாட்டிப் பாக்கறேன். கடைய மூடினதும் அந்தக் கண்ணாடியில என் மூஞ்சியப் பாப்பேன். எங்க கொற, எங்க சுருக்கம்னு. வாசனையா, உடம்பானு. தெரியுமா உங்களுக்கு? பதினாலு மாசம்."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாடிக்காரர் ஏணி இருக்கும் திசையைப் பார்த்தார்.

அவன் தன் மோதிர விரலை நிமிர்த்தப் பார்த்தான். அது நிமிரவில்லை. உள்ளங்கையில் ஒரு கயிறு கட்டி யாரோ இழுத்துப் பிடித்திருப்பது மாதிரி பாதியில் நின்றது. மோதிரம் அந்த மடிப்பைத் தாண்டாது. நிலையத்தில் ஸ்பேனர் பிடித்துப் பிடித்து வந்தது என்று அவன் நினைத்திருந்தான். புதன்கிழமைவரை.

*

புதன்கிழமை டாக்டரைப் பார்த்தான். அண்ணன் போன் செய்து "சனிக்கிழமை வர்றேன்" என்று சொன்ன மறுநாள். ஷிப்டை ஒப்படைக்கும்போது, ரேடியோ என்று பேரெடுத்த சக ஊழியன் கேட்டான்: "என்ன அண்ணே, முகம் பியூஸ் போன பல்பு மாதிரி இருக்கு?"

"மச்சான் வர்றார்."

"மச்சான் வந்தா விருந்து. முன்கூட்டியே போன் பண்ணிட்டு வந்தா விசாரணை," என்றான் ரேடியோ. பம்பு சத்தத்துக்கு மேலே கத்திச் சிரித்தான். இவன் சிரிக்கவில்லை. வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த நீல நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தான். ஐந்து மாதமாக அளவு ஐம்பத்தைந்திலேயே நின்றிருந்தது. வலி பூஜ்யம். கோட்டைத் தொடவேயில்லை. நோய் தானாகப் போய்விட்டது, மிச்ச வளைவை டாக்டர் ஒரு ஊசியில் சரிசெய்து அனுப்புவார், சனிக்கிழமை மச்சான் முன்னால் நிமிர்ந்து உட்காரலாம். அவன் போட்டிருந்த திட்டம் அதுதான்.

சிறுநீரகப் பிரிவில் இருந்தது ஒரு பெண் டாக்டர், அவன் வயதுதான் இருக்கும். கதவிலேயே திரும்பிப் போகப் பார்த்தான்.

"உள்ள வாங்க. ஆம்பள டாக்டர் வேணும்னா ரெண்டு மாசம் காத்திருக்கணும். நீங்க ஏற்கெனவே காத்திருந்த மாதிரி தெரியுது," என்றார் அவர்.

நோட்டை மேஜையில் வைத்தான். அவர் நோட்டைத் திறக்காமல் அவன் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினார். கயிறு மாதிரி இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது எப்ப வந்தது?"

"எட்டு மாசம். இதுக்காக வரலீங்க."

"தெரியும். சில பேருக்கு உள்ளங்கையில வர்றது அங்கயும் வரும். வளைஞ்சிருக்கா?"

பதினாலு மாதம் சுமந்ததை அந்தம்மா ஒரே சொல்லில் மேஜை மேல் வைத்துவிட்டார். தலையாட்டினான்.

பரிசோதனை முடிந்ததும் அவர் நோட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். நிதானமாகப் படித்தார்.

"இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்ல," என்றார். "அதுதான் வயித்தெரிச்சல். பெய்ரோனினு பேரு. உள்ள ஒறையில தழும்பு விழுது. நமக்கே தெரியாம சின்னதா அடிபட்டு, அது ஆறும்போது தப்பா ஆறும். தழும்பு நீளாது, மத்த எடம் நீளும். அதனால வளையும். புத்துநோய் இல்ல. அடுத்தவங்களுக்கு ஒட்டாது. நீங்க எந்தப் பாவமும் பண்ணல."

"சரியாயிடுங்களா?"

"இதுல ரெண்டு கட்டம் இருக்கு. முதல் கட்டத்துல வலி இருக்கும், வளைவு மாறிக்கிட்டே இருக்கும். ஆறு மாசம், ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை. இதோ, மார்ச்சுலருந்து டிசம்பர்வரைக்கும் நீங்க எழுதினது அதுதான். அப்பறம் வலி போகும். வளைவு நிக்கும். தழும்பு கெட்டியாயிடுச்சுனு அர்த்தம். குணமாயிடுச்சுனு அர்த்தம் இல்ல."

அவன் ஜனவரிக்குப் பிறகு வந்த ஐந்து பூஜ்யங்களைப் பார்த்தான். ஒவ்வொரு பூஜ்யத்தையும் சந்தோஷமாகப் போட்டிருந்தான்.

"தானா நேராகிறது நூத்துல பத்துப் பன்னெண்டு பேருக்குத்தான். மத்தவங்களுக்கு அப்படியே நிக்கும், இல்ல கூடும். கட்டி கையில பட்ட அன்னிக்கே வந்திருக்கணும். வலிச்ச அன்னிக்கு. வளைஞ்ச அன்னிக்கு. மூணுல ஒண்ணு போதும். வந்திருந்தா வலிக்கு மருந்து குடுத்திருப்பேன். இழுவைக் கருவி குடுத்திருப்பேன், அதுல வளைவயும் நீளக் கொறச்சலையும் ஓரளவு தடுக்கப் பாக்கலாம். முழுசா நிறுத்தியிருப்பேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கையால அழுத்தாதீங்கனு சொல்லியிருப்பேன். அது மேல மேல காயம்." ஜூன் வரியைத் தட்டினார். "அப்பறம், அறுபதுனு யாரு சொன்னா?"

"நானே போட்டுக்கிட்டேன்."

"முப்பதுலயே சேர முடியாம கஷ்டப்படறவங்க இருக்காங்க. இதுக்கு இவ்வளவுனு ஒரு கோடு கெடையாது. கஷ்டம் வந்தா அதுதான் கோடு."

இப்போது என்ன செய்யலாம் என்பதையும் சொன்னார். தழும்புக்குள் போடுகிற ஊசிகள், கருவியோடு சேர்த்து, கொஞ்சம் குறையலாம். அல்லது அறுவை சிகிச்சை. அளவு நின்று மாதக்கணக்கு ஆனதால் இப்போது செய்யலாம். நேராகும், ஆனால் நீளம் கொஞ்சம் போகும், உணர்ச்சி குறையவும் வாய்ப்புண்டு. சுகர் பார்க்கச் சொன்னார். திங்கட்கிழமை பத்தரைக்கு மறுபடி வரச் சொல்லி ஒரு சீட்டு எழுதினார்.

"வீட்டம்மாவோட வாங்க. இது ரெண்டு பேரு முடிவு."

"அவளுக்குத் தெரியாதுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "பதினாலு மாசமா ஒரே வீட்டுல இருக்கவங்களுக்கு ஒண்ணும் தெரியாம இருக்காது. தப்பாத் தெரிஞ்சிருக்கும்."

அன்று வீட்டுக்கு வந்து நோட்டைத் திரும்ப ஷூ பெட்டியில் வைத்தான். அவள் வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு படுத்தான். எழுந்தபோது பெட்டி திறந்திருந்தது. அவள் வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமைவரை அவன் கண்ணில் படாமலே வந்து போனாள்.

*

"மணி ஒம்போதே முக்கால்," என்றார் அண்ணன்.

அவன் எழுந்தான். "அஞ்சு நிமிஷம் உள்ள வா," என்றான் அவளிடம்.

"உள்ள என்ன உள்ள? சபையில கேட்டா சபையில சொல்லணும்."

"மச்சான், உங்க கால்ல வேணா விழறேன். இது சபையில சொல்ற விஷயம் இல்ல." அவன் அவள் முன்னால் கையை நீட்டினான். "மோதிரம் ஏன் போடலேனு கேட்ட இல்ல. இந்த விரல நிமித்திப் பாரு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கையை இறக்கவில்லை. தோள் வலிக்க ஆரம்பித்த பிறகுதான் அவள் திரும்பினாள். நாள் பூராவும் வளைந்த ஃப்ரேம்களை நிமிர்த்துகிற கை அவளுடையது. விரலைப் பிடித்தாள். மெதுவாக இழுத்தாள். அது வரவில்லை. உள்ளங்கையில் இழுத்துக்கட்டிய கயிறு அவள் கட்டைவிரலுக்குக் கீழே புடைத்து நின்றது. அவளுடைய முகத்தில் ஏதோ ஒன்று இடம் மாறியது.

"என்னங்க இது?"

"இது மட்டுமில்ல," என்றான். சின்ன அறையின் பக்கம் கண்ணைக் காட்டினான்.

அவள் மேஜையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குள் போனாள். அவன் பின்னால் போனான். அண்ணன் எழுந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இருங்க. உங்க வண்டி எங்கயும் போயிடாது."

உள்ளே அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னான். டாக்டர் சொன்ன சொற்களை வைத்தே சொன்னான். அவனுடைய சொற்கள் எதற்கும் உதவவில்லை. கட்டி, வலி, வளைவு, தழும்பு. கோணமானி. ஜூன் மாதம் துண்டைக் கடித்துக்கொண்டு செய்தது. சொல்லும்போது தரையைப் பார்த்தான். அவள் கதவில் சாய்ந்து நின்று, நோட்டின் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, இப்போது வேறு மாதிரிப் படித்தாள். ஜூன் வரிக்கு வந்ததும் நோட்டைத் தாழ்த்தினாள்.

"வலி ஒம்போது," என்றாள். "அன்னிக்கு நான் தக்காளி வாங்கிட்டு வந்து, ஏன் இவ்ளோ நேரம் தண்ணிய வீணாக்கறீங்கனு கதவத் தட்டினேன்."

"ஆமா."

"நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன்."

அவன் அழுதான். சத்தம் முன்னறைக்குப் போகாமல் இருக்கத் தலையணையை வாயில் வைத்துக்கொண்டான். அவள் பக்கத்தில் வரவில்லை. நோட்டின் கடைசிக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல யாரு கையெழுத்துப் போடணும்?"

"அடுத்த ஷிப்டுக்கு வர்றவங்க."

"யாரும் வரலையா, நீங்க யாரையும் விடலையா?"

அவன் தலையணையை மடியில் வைத்துக்கொண்டான்.

"நோய்க்காகப் போறேன்னு நெனைக்காதீங்க," என்றாள். "கை போனாலும் கால் போனாலும் பாத்திருப்பேன். இதையும் பாத்திருப்பேன். என்னைய அசிங்கம்னு நானே நெனைக்க விட்டீங்க பாருங்க. அது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் டிகிரிய எழுதிட்டு இருந்தீங்க. எனக்கு இப்ப இந்த வீட்டுல மூச்சு வரல."

"எப்ப வருவ?"

"தெரியல."

"திங்கக்கிழமை பத்தரைக்கு டாக்டர் கிட்ட..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். கேட்கும் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

அவள் கையை நீட்டினாள். சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தான். அதை நோட்டுக்குள் வைத்து மூடினாள்.

"நேரா அங்க வந்துடறேன். ஷிப்ட் முடிச்சுத் தூங்கிடாதீங்க."

முன்னறையில் அண்ணன் பெட்டியோடு நின்றிருந்தார். "என்னவாம்?"

"ஒண்ணுமில்லண்ணே. வேற யாரும் இல்ல. அது போதும் உங்களுக்கு."

"அப்ப எதுக்குப் பெட்டிய..."

"தூக்குங்க, சொல்றேன். இல்ல, சொல்ல மாட்டேன். தூக்குங்க."

அக்கா தம்பியின் வீங்கிய கண்ணைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை, அவள் வாழ்க்கையில் அது முதல் தடவையாக இருக்கலாம். அவன் தலையில் கையை ஒரு நொடி வைத்துவிட்டு இறங்கிப் போனாள். மாடிக்காரர் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவு நிலையில் ஒரு தடவை இடித்து, மன்னிப்புக் கேட்டு, படியேறினார். அண்ணன் பெட்டியோடு இறங்கினார்.

கடைசியாக அவள். செருப்பைப் போட்டுக்கொண்டு, கைப்பையை வலது தோளுக்கு மாற்றி, நோட்டை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அவன் முன்னறையின் நடுவில் ஷூவோடு நின்றிருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள்.

பிறகு சாவி நுழைகிற சத்தம் கேட்டது. தினமும் காலையில் கண்ணாடிக் கடைக்குக் கிளம்பும்போது, ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவனை யாரும் மணியடித்து எழுப்பிவிடக் கூடாதென்று அவள் வெளியிலிருந்து இரண்டு சுற்றுப் பூட்டிவிட்டுத்தான் போவாள்; அவனிடம் இன்னொரு சாவி உண்டு. கை அதைத் தானாகச் செய்ததா, தெரிந்தே செய்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. பூட்டு ஒரு சுற்றுச் சுற்றியது. கொஞ்சம் நின்றது. இரண்டாவது சுற்றும் சுற்றியது.